இல்லங்களில் ஒலிக்கும் இசைத்தொகைகள்

இசையன்பர்கள் இருவர் சந்திப்பின், நலம் உசாவிய மறுகணமே அவர்களிடையே எழும் வினா ஒன்று உண்டு. “இப்பொழுது வீட்டில் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா?” என்பதே அது. திருமண மண்டபமாயினும் கோயில் திருவிழாவாயினும், இவ்வினா எழுந்த அளவிலேயே முகங்கள் மலர்கின்றன. ஒருவர் ஓர் இசைத்தொகுப்பின் பெயரைச் சொல்கிறார். மற்றவர் “அருமையானது” என்கிறார். அவர் தாம் கேட்டுவரும் தொகுப்பைச் சொல்கிறார். முன்னவர் “அதுவும் அருமையானது” என்கிறார். உரையாடல் அத்துடன் நிறைவுறுகின்றது. இருவரும் மகிழ்வோடு பிரிகின்றனர். ஆயினும் அத்தொகுப்புகளில் அருமை எங்கே உள்ளது, எதனால் உள்ளது என்பதை இருவருமே சொல்லவில்லை.

கேட்டு மகிழ்ந்த இசையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் இவ்வழக்கம் தமிழ் மக்களிடையே நிலவும் மிக எளிய திறனாய்வு அரங்காகும். அதற்கு மேடை வேண்டா, தலைவர் வேண்டா, நுழைவுச்சீட்டும் வேண்டா. அவ்வரங்கில் இன்று பெயர்கள் மலிந்து காரணங்கள் அருகிவிட்டன. காரணமின்றிப் பகிரப்படும் சுவை அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வதில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்து.

தட்டு வளர்த்த செவி

இந்திய இசை 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இசைத்தட்டில் ஏறியது. அவ்வாண்டு கௌஹர் ஜான் அம்மையார் பாடிய பாடல்கள் பதிவு செய்யப்பட்டன. நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழன்ற அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். இரவெல்லாம் இராகத்தை விரித்துப் பாடிய கலைஞர்கள், தம் கலையைச் சிமிழுக்குள் அடைப்பதுபோல் அந்நேரத்திற்குள் அடைக்க வேண்டியவராயினர். 1948இல் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டு வெளிவந்தது. ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேலும் இசை கிடைத்தது. 1963இல் ஒலிநாடாப் பேழையும் 1982இல் குறுந்தட்டும் தோன்றின. தட்டின் அளவு மாறியபொழுதெல்லாம் கேட்போரின் செவியும் அதற்கேற்ப மாறியது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்க்கு இம்மாற்றங்கள் தனிப்பொருள் கொண்டவை. சென்னையில் மார்கழித் திங்களில் தெருவுக்குத் தெரு கச்சேரி நிகழும். இங்கோ பெரும் வித்துவான்களின் வருகை அரிதாகவே வாய்த்தது. சிங்கப்பூரில் 1949இல் இந்திய நுண்கலைக் கழகம் நிறுவப்பட்டது. மலேசியாவில் 1981இல் நுண்கலைக் கோயில் தொடங்கப்பட்டது. இத்தகைய அமைப்புகள் நகரத்தார்க்கு வழிகாட்டின. தோட்டப்புறத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தோர்க்கு வானொலியும் இசைத்தட்டுமே இசைப்பள்ளிகளாயின. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும், சீர்காழி கோவிந்தராஜன், டி. எம். சௌந்தரராஜன் ஆகியோரின் பக்திப் பாடல்களும், தருமபுரம் சுவாமிநாதனின் தேவாரப் பதிவுகளும் அவ்வாறே இல்லங்களுக்குள் புகுந்தன. பண்ணின் பெயர் அறியாதவரும் பண்ணை அறிந்தனர். ஒரு வீட்டில் வாங்கிய தட்டை மற்ற வீட்டார் இரவல் பெற்றுக் கேட்டனர். இரவல் கொடுப்பவர் “இரண்டாவது பாட்டைக் கவனித்துக் கேள், தம்பி” என்று ஒரு சொல்லும் சேர்த்தே கொடுத்தார். அந்த ஒரு சொல்லே திறனாய்வின் வித்து.

தொகை என்னும் அமைப்பு

ஓர் இசைத்தொகுப்பைப் பகிர்வதற்கும் ஒரு தனிப்பாடலைப் பகிர்வதற்கும் வேறுபாடு உண்டு. தொகுப்பு என்பது பாடல்களின் குவியலன்று, ஒழுங்குபடுத்தப்பட்ட வரிசை. இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. எட்டுத்தொகையுள் ஒன்றான அகநானூற்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலைத்திணைக்கு உரியவை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சிக்கும், 4 என முடிபவை முல்லைக்கும், 6 என முடிபவை மருதத்திற்கும், பத்து, இருபது எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தலுக்கும் உரியவை. ஒவ்வொரு கூடலுக்கும் இரங்கலுக்கும் இடையே ஒரு பிரிவு வந்து நிற்குமாறு அவை அடுக்கப்பட்டுள்ளன. பாடியவர் பலர், தொகுத்தவர் வேறொருவர். எனினும் அவ்வரிசையே ஒரு பொருளைச் சொல்கின்றது. அந்நூலுக்கு நெடுந்தொகை என்னும் பெயரும் உண்டு. நெடுந்தட்டைக் கையில் எடுக்கும் தமிழ்ச் சுவைஞர் நெடுந்தொகையை நினைத்துக்கொள்வது பொருத்தமே.

நல்ல இசைத்தொகுப்பும் இவ்வாறே அமைகின்றது. எப்பாடல் முதலில் வருகின்றது, எது நடுவில் நின்று இளைப்பாற்றுகின்றது, எது இறுதியில் நின்று கதவை அடைக்கின்றது என்பன யாவும் எண்ணிச் செய்யப்பட்டவை. தட்டைப் புரட்டுவதற்காகக் கேட்பவர் எழுந்து செல்லும் அந்த இடைவெளியையும் தொகுப்பாளர் கணக்கிட வேண்டியிருந்தது. எனவே, ஒரு தொகுப்பை முழுமையாகக் கேட்காமல் அதனைப் பற்றிப் பேசுவது, காப்பியத்தில் ஒரு காதையை மட்டும் படித்துவிட்டுக் காப்பியத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

பாராட்டின் மூன்று பிழைகள்

இல்லத்து இசைப் பகிர்வில் மூன்று பிழைகள் மலிந்துள்ளன.

முதலாவது, பெயரால் பாராட்டுதல். பாடியவர் புகழ்பெற்றவர், ஆகவே பாடலும் சிறந்தது என்பது இதன் வழக்குரை. பெருங்கலைஞரின் படைப்புகளுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதனைக் கண்டு சொல்வது அக்கலைஞரை இழிப்பதாகாது. அவரை உன்னிப்பாகக் கேட்டதற்குச் சான்றாகும்.

இரண்டாவது, உடைமையால் பாராட்டுதல். முதற்பதிப்புத் தட்டு தம்மிடம் உள்ளது, உறை கிழியாமல் உள்ளது, அயல்நாட்டிலிருந்து வரவழைத்த கருவியில் கேட்கிறோம் என்றெல்லாம் பேசுவோர் உளர். இவை சேகரிப்பவரின் பெருமைகள். பொருளைப் பேணுதல் நற்பண்பே. ஆயினும், தட்டில் தூசி படியாமற் காப்பவரின் செவியும் அவ்வாறே தூய்மையாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மூன்றாவது, பழமையால் பாராட்டுதல். பழையது யாவும் பொன், புதியது யாவும் பித்தளை என்னும் தீர்ப்பு முதியோரிடையே பரவலாகக் காணப்படுகின்றது. இதன் மறுதலையான தீர்ப்பு இளையோரிடையே காணப்படுகின்றது. இரு சாராரும் ஆண்டைக் கேட்கின்றனரேயன்றி இசையைக் கேட்பதில்லை.

தமிழ் மரபு இவ்வாறு கற்பிக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் இருத்தற்குரிய தகுதிகளைப் பிரித்துப் பிரித்து உரைக்கின்றது. எவரையும் அது பொதுவாகப் புகழ்ந்து விடவில்லை. இன்னின்ன அறிந்தவன், இன்னின்ன செய்ய வல்லவன் என்று காரணம் காட்டிப் புகழ்கின்றது. மாதவியின் ஆடலுக்குமுன் இளங்கோவடிகள் வைத்த அளவுகோல் அது. திருவள்ளுவரும் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துச் செவியைச் செல்வத்தின் வாயிலாக்கினார். செல்வம் உடையவர் அதன் மதிப்பைச் சொல்லத் தெரிந்தவராதல் வேண்டும்.

மூன்று தொகுப்புகள்

இவ்வளவுகோலைக் கொண்டு, இங்குள்ள தமிழ் இல்லங்களில் ஒலித்துவரும் மூன்று தொகுப்புகளை ஆராய்ந்து காணலாம்.

முதலாவது, எம். எஸ். சுப்புலட்சுமி பாடி 1970இல் வெளிவந்த விஷ்ணு சகசிரநாமம், பஜகோவிந்தம் ஆகியவற்றைக் கொண்ட தொகுப்பு. 1963இல் வெளியான அவருடைய வேங்கடேச சுப்ரபாதத்தைப் போன்றே இதுவும் எண்ணற்ற வீடுகளில் காலைக் கடிகாரமாகிவிட்டது. அதுவே அதன் பெருமை. அதுவே அதன் துன்பமும் ஆகும். நாள்தோறும் ஒலிப்பதனால் அதனை எவரும் கேட்பதில்லை. அடுப்பங்கரையில் தோசை வேகும், குளியலறையில் நீர் கொட்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவர்; இசை அவற்றுக்குப் பின்னே ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அமர்ந்து கேட்பவர்க்கு வேறு செய்தி கிடைக்கும். ஒரே தொகுப்பில் இருவேறு கலைகள் நிற்பதை அவர் காண்பார். விஷ்ணு சகசிரநாமம் ஓதுதல், பஜகோவிந்தம் பாடுதல். முன்னதில் பாடகி தம் குரலின் வளத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு, மூச்சின் ஒழுங்கையும் உச்சரிப்பின் தெளிவையும் மட்டுமே காட்டுகிறார். பின்னதில் இராகம் மாறி இராகம் மலர இராகமாலிகையாகப் பாடுகிறார். அடக்கத் தெரிந்தவரே விரிக்கவும் தகுதியுடையவர் என்பதை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்த அமைப்பே உணர்த்துகின்றது.

இத்தொகுப்பில் மற்றொரு சிறப்பும் உண்டு. பஜகோவிந்தம் தொடங்குமுன் இராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு சிறு முன்னுரை வழங்குகிறார். அறிவின் வழியும் அன்பின் வழியும் வெவ்வேறல்ல என்பதே அவ்வுரையின் சாரம். இசையைப் பிறர் கையில் கொடுக்கும்பொழுது, இது எதற்காகக் கேட்கத்தக்கது என்று சொல்லிக் கொடுக்கும் முறைக்கு அது தக்கதோர் எடுத்துக்காட்டு. இப்பாடல்களின் வடமொழி பெரும்பாலார்க்கு விளங்குவதில்லை என்பது உண்மை. பொருள் விளங்காத பாடலுக்கு இத்தகைய சிறு விளக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதையும் அம்முன்னுரையே மெய்ப்பிக்கின்றது.

இரண்டாவது, இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’. எவ்வாறு பெயரிடுவது என்பது அதன் பொருள். திரைப்படத்திற்காக அன்றித் தனித்து நிற்கும் கருவியிசையாக அமைந்த இத்தொகுப்பு, திருவையாற்றுத் தியாகராசருக்கும் செருமானிய இசையறிஞர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாக் 1750இல் மறைந்தார்; தியாகராசர் 1767இல் பிறந்தார். வாழ்நாளில் சந்தித்திருக்க இயலாத இவ்விருவரையும் இளையராஜா தம் இசையில் சந்திக்க வைக்கிறார். இதில் வரும் ஓர் இசைக்கோவையின் தலைப்பு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படும். பாக் தனி வயலினுக்காக இயற்றிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அதில் ஒலிக்கின்றது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக வழியில் அதனோடு உறவாடுகின்றது.

இங்கே சுவைஞர் கேட்கவேண்டிய வினா, “இது புதுமையா?” என்பதன்று. புதுமை ஓராண்டில் பழையதாகிவிடும். இரு மரபுகளும் ஒன்றையொன்று கேட்கின்றனவா என்பதே வினா. பாக்கின் இசையில் சுரங்கள் மணிகளைப்போல் ஒவ்வொன்றும் தனித்து, உருண்டு ஓடுகின்றன. கர்நாடக இசையிலோ சுரம் கமகத்தால் அசைந்து, அண்டைச் சுரங்களைத் தொட்டு நிற்கின்றது. ஓடுவதும் அசைவதும் ஒருங்கே நிகழவேண்டுமாயின் ஒன்று மற்றொன்றுக்கு இடம்விட வேண்டும். மேற்குறித்த கோவையில் அவ்விட்டுக்கொடுத்தல் நிகழ்கின்றது. விருந்தினர் பேசுகையில் வீட்டுக்காரர் இடையிட்டு மொழிகிறாரேயன்றி அவர் பேச்சைத் தடுப்பதில்லை. தொகுப்பின் எல்லா இடங்களிலும் இப்பொருத்தம் உளதென்று சொல்வதற்கில்லை. சில பகுதிகளில் தாளக் கருவிகளின் அழுத்தம் நரம்பிசையின் நுண்மையை மறைக்கின்றது. சில பகுதிகளில் இரு மரபுகளும் கலவாமல் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. இக்குறைகளைச் சொல்லிய பின்னரும் தொகுப்பு தாழ்வதில்லை. எங்கே கலந்தது, எங்கே கலக்கவில்லை என்று கேட்பவரைத் தேடவைப்பதே அதன் வெற்றி.

மூன்றாவது, மலேசிய மண்ணில் பிறந்தது. யோகி பி மற்றும் நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பு அது. முதியோர் பலர் இதனைக் கேளாமலே தள்ளினர். இளையோர் பலர் இதனைக் கேட்பதே தம் அடையாளமெனக் கொண்டனர். இரண்டும் மேற்கூறிய பிழைகளே. இத்தொகுப்பில், 1980இல் வெளியான ‘நிழல்கள்’ திரைப்படத்திற்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ என்னும் பாடல் மறுவடிவம் பெற்றுள்ளது. தந்தையின் ஒலிநாடாவில் இருந்த பாடலே மகனின் குறுந்தட்டிலும் இருந்தது என்பது எண்ணத்தக்கது. இருவரும் ஒருங்கே அமர்ந்து இரண்டையும் கேட்டிருப்பின், எது கூடியது, எது குறைந்தது என்று பேசியிருக்கலாம்.

சொல்லிசையை மதிப்பிடத் தமிழில் அளவுகோல் இல்லாமலில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் சந்தத்தைக் கொண்டு செய்த வித்தைகளைத் தைப்பூசந்தோறும் பாடும் மக்களுக்கு, சொல் தாளத்தின்மேல் நடக்கும் நடை புதிதன்று. சொல் வேகமாக ஓடும்பொழுது எழுத்துகள் சிதைகின்றனவா, வல்லினமும் மெல்லினமும் தத்தம் ஒலி பெறுகின்றனவா, சந்தத்திற்காகப் பொருள் கைவிடப்படுகின்றதா என்று கேட்டுப் பார்க்கலாம். இக்கேள்விகளுக்கு முன் ‘வல்லவன்’ சில இடங்களில் வெல்கின்றது. ஆங்கிலச் சொற்கள் மலிந்த சில இடங்களில் தமிழின் ஓசை தளர்கின்றது. திருப்புகழோடு அதனைச் சமமாக வைப்பது இங்கு நோக்கமன்று. ஒரே உரைகல்லில் இரண்டையும் உரசலாம் என்பதே கருத்து.

பகிர்வின் இன்றைய நிலை

இன்று இசையைப் பகிர்வது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. கைப்பேசியில் விரல் தொட்ட மாத்திரத்தில் ஒரு பாடல் கடல் கடந்து செல்கின்றது. தட்டை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பி வருமா என்று காத்திருக்கும் கவலை எவருக்கும் இல்லை. கிடைத்தற்கரிய பதிவுகளும் வீட்டு வாயிலுக்கு வந்து நிற்கின்றன. இந்நலன்களைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

எனினும், எளிமையோடு இரண்டு இழப்புகளும் வந்தன. முதலாவது, வரிசையின் இழப்பு. தொகுப்பிலிருந்து ஒரு பாடல் பிய்த்தெடுக்கப்பட்டுத் தனியே சுற்றுகின்றது. அடுத்து எதைக் கேட்பது என்பதை இயந்திரம் முடிவு செய்கின்றது. பாலையை அடுத்துக் குறிஞ்சி வரவேண்டுமென ஒருவர் எண்ணி அடுக்கிய அடுக்கு அங்கே கலைந்துவிடுகின்றது. இரண்டாவது, சொல்லின் இழப்பு. இரவல் கொடுத்தவர் வாய்மொழியாகச் சேர்த்த அந்த ஒரு குறிப்பு இப்பொழுது இல்லை. பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படும் பாடலில், இது இவருக்கு ஏன் ஏற்றது என்னும் எண்ணத்திற்கே இடமில்லை. பெற்றவர் ஒரு கைகூப்பிய படத்தைத் திருப்பி அனுப்புகிறார். பாடல் கேட்கப்பட்டதா என்பதும் தெரிவதில்லை.

இவ்விழப்பின் விலையைக் கொடுப்பவர்கள் சிறுவர்களே. இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் செவியில் பல மொழிகளின் இசை நாள்தோறும் விழுகின்றது. அது நல்லதே, பினாங்கில் தோன்றிய அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது இத்தகைய பன்மொழிச் சூழலில்தான். ஆனால் பலவற்றைக் கேட்கும் பிள்ளைக்கு, ஒன்றை ஏன் விரும்புகிறோம் என்று சொல்லத் தெரிதல் வேண்டும். அதனை அது பாடப்புத்தகத்தில் கற்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டே கற்கின்றது. தந்தை “நல்ல பாட்டு” என்று நிறுத்திக்கொண்டால் பிள்ளையும் அவ்வளவில் நின்றுவிடும். “இந்த இடத்தில் குழல் நின்றதும் வயலின் அதே சொல்லைத் திரும்பச் சொல்கிறது, கேள்” என்று அவர் கூறின், அப்பிள்ளை வாழ்நாள் முழுதும் அவ்விடத்தைத் தேடிக் கேட்கும். இதற்கு இசையிலக்கணப் பயிற்சி வேண்டுவதில்லை, கவனமே போதும். ஒருமுறை கேட்டு மகிழ்தல், மறுமுறை கேட்டு ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுதல், மூன்றாம் முறை கேட்டு அவ்விடம் இன்னும் இனிக்கின்றதா எனச் சோதித்தல் ஆகிய மூன்றும் எவர்க்கும் இயலும்.

முதியவர் ஒருவர் மறைந்தபின் அவர் வீட்டு அலமாரியில் இருந்த தட்டுகளும் நாடாக்களும் அட்டைப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வெளியே வைக்கப்படுவதை இன்று பல குடியிருப்புகளில் காணலாம். பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. அவற்றை அவர் ஏன் நாற்பது ஆண்டுகள் காத்தார் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. உறையின்மீது விலை இருக்கின்றது, காரணம் இல்லை. ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் நான்கு வரி எழுதிய ஒரு தாள் இருக்குமாயின் நிலைமை வேறாக இருக்கும். எந்தப் பாடல், அதில் எந்த இடம், அது ஏன் பிடித்தது, யாருடன் சேர்ந்து கேட்கத்தக்கது ஆகியவற்றை எழுதி வைத்தல் எவர்க்கும் அரிய செயலன்று. கைப்பேசி வழியாக அனுப்பும் பாடலோடும் அந்நான்கு வரிகளை அனுப்பலாம். இருபதாண்டுகளுக்குப் பின் அத்தாளை எடுத்துப் படிக்கும் பேரன் அக்கருத்தை மறுக்கவும் கூடும்; அந்த இடம் தனக்கு இனிக்கவில்லை என்று கீழே எழுதவும் கூடும். மறுப்பதற்காகவேனும் அவன் அத்தட்டை ஒருமுறை முழுமையாகக் கேட்டிருப்பான்.